வீட்டுப் பின்புறத்தில் மண்ணைத் துளைக்கும் தேனீக்கள்: மருந்து போட வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். திருப்பூர் பக்கம் வீடு. பின்னால் துணி துவைக்கும் கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் மண்தரை. அதில் இருபது முப்பது சின்னத் துளைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பொடிமண். வெயில் ஏறினால் அதற்கு மேலே தேனீ மாதிரி ஏதோ தாழப் பறக்கிறது. நாலு வயது மகன் அங்கேதான் மண்ணில் விளையாடுவான். மாமியார் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார், கணவர் உரக்கடையில் குருணை மருந்து வாங்கி வந்துவிட்டார். இரண்டில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மருந்து என்பது கேள்வியின் மேல்தோல்தான். பிள்ளையை அங்கே விடலாமா கூடாதா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் பூச்சியியல் படித்துவிட்டு, காய்கறித் தோட்டங்களில் எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது, அதனால் காய்ப்பிடிப்பு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன். நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் தனித்து வாழும் மண் தேனீக்களைத்தான் காட்டுகின்றன. இவை கூட்டமாகக் கிளம்பித் துரத்திக் கொட்டும் வகை இல்லை. இவற்றுக்கு மருந்து வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். ஆனால் நான் நேரில் பார்க்கவில்லை, நீங்கள் படமும் போடவில்லை. மண்ணுக்குள் கூடு வைக்கும் பூச்சிகளில் உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான ஒன்றும் நம் ஊரில் உண்டு, கதண்டு. கடந்தை என்றும் சொல்வார்கள், பெரிய குளவி வகை. அது இல்லை என்று நீங்களே உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

நாளைக் காலை ஒன்பது, பத்து மணிக்கு, அந்த இடத்தில் வெயில் நன்றாக விழுந்த பிறகு, பையனை வீட்டுக்குள் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். முதலில் பதினைந்து இருபது அடி தள்ளியே நின்று பாருங்கள். பெரிய பூச்சி எதுவும் வந்துபோகவில்லை என்று தெரிந்தால் ஏழெட்டு அடிக்குக் கிட்டே போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். எல்லாத் துளைகளையும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு துளையைத் தேர்ந்தெடுத்து, கால் மணி நேரம் அதையே பாருங்கள். இந்தக் கால் மணி நேரத்தில் அந்த ஒரு துளைக்கு எத்தனை பூச்சி வந்துபோனது? எல்லோரும் துளைகளை எண்ணிப் பயப்படுகிறார்கள். எண்ண வேண்டியது ஒரு துளைக்கு எத்தனை பூச்சி என்பதைத்தான்.

மண் தேனீயாக இருந்தால் நீங்கள் காணப்போவது இதுதான். ஒரு தேனீ வரும். துளைக்கு மேலே ஒரு நொடி அப்படியும் இப்படியும் ஆடி அடையாளம் பார்க்கும். சட்டென்று உள்ளே இறங்கிவிடும். பின்னங்கால்களில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மகரந்தம் அப்பியிருக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு துளை வாயில் ஒரு முகம் தெரியும், வெளியே பார்க்கும், கிளம்பிப் போகும். அடுத்து அது திரும்பி வருவதற்குள் உங்களுக்குச் சலிப்பே வந்துவிடும். ஒரு துளைக்கு ஒரு தேனீ, அவ்வளவுதான். பக்கத்துத் துளைக்கு வேறு தேனீ. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

அதற்கு மாறாக, ஒரே துளைக்குள் நிமிடத்துக்கு நான்கைந்து பூச்சி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே ஒரு குடும்பமே இருக்கிறது என்று அர்த்தம். பூச்சி சிறியதாக, பழுப்பும் கருப்புமாக வரிவரியாக இருந்தால் பொந்தில் வாழும் நம் நாட்டுத் தேனீ, பழைய கரையான் புற்றிலோ தரையடிப் பொந்திலோ குடியேறியிருக்கலாம். தேனீ வளர்ப்பவர் யாராவது வந்து பெட்டியில் எடுத்துக்கொண்டு போவார். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் ஆள் சொல்வார்கள். பூச்சி இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில், கருத்த உடம்பில் வயிற்றின் முன்பாதி மட்டும் ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால் அது கதண்டு. அதன் ஒரு வகை மரத்தில் பெரிய பானை அளவுக்குக் கூடு கட்டித் தொங்கவிடும். இன்னொரு வகை பெரும்பாலும் மண்ணுக்குள்ளோ மரப்பொந்திலோ கூடு வைக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் அதிர்வு ஏற்பட்டாலே போதும், பல கதண்டுகள் ஒன்றாக வந்து திரும்பத் திரும்பக் கொட்டும். நிறையக் கொட்டு வாங்கினால் ஒவ்வாமையே இல்லாதவருக்கும் சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கு விஷம் ஏறும். புதர் வெட்டப் போனவர்களும் பனை ஏறியவர்களும் கதண்டு கொட்டி இறந்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். அது இருந்தால் நீங்களோ கணவரோ தீப்பந்தம், மருந்து என்று எதையும் கையில் எடுக்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து அழிப்பார்கள். அதை அழிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் படலாம். துளைக்குள் போகும் பூச்சி மகரந்தத்துக்குப் பதிலாக ஒரு வெட்டுக்கிளியையோ புழுவையோ ஈயையோ இழுத்துக்கொண்டு போனால் அது தேனீ இல்லை, மண்ணில் வளை தோண்டும் தனிக்குளவி. இடுப்பு நூலாகச் சிறுத்திருக்கும். அதுவும் தனியாக வாழ்வதுதான், மனிதரைத் துரத்தாது. கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சரி, மண் தேனீதான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் கொட்டாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம் புரியாமல் எத்தனை முறை “ஒன்றும் செய்யாது” என்று சொன்னாலும் ஒரு தாய்க்குத் தைரியம் வராது.

தேனீ என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ராணி, வேலைக்காரத் தேனீக்கள், தேனடை எல்லாம் உள்ள கூட்டம். உலகில் 20,000க்கும் அதிகமான தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் அப்படிக் கூட்டமாக வாழ்பவை சிறு பகுதிதான். மிகப் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. மொத்த இனங்களில் பாதிக்கு மேல் மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன. இவற்றில் பெண் தேனீ ஒவ்வொன்றும் தானே தாய், தானே வேலைக்காரி. தாடையாலும் முன்னங்காலாலும் மண்ணைக் குடைந்து, பின்னால் தள்ளித் தள்ளி வெளியே கொட்டும். நீங்கள் பார்த்த பொடிமண் குவியல் அதுதான். கீழே ஒரு சாண் ஆழத்துக்கோ அதற்கு மேலோ போனதும் பக்கவாட்டில் சின்ன அறை ஒன்றைத் தோண்டும். அந்த அறையின் சுவரைத் தட்டித் தட்டி வழவழப்பாக்கி, தன் உடம்பில் சுரக்கும் மெழுகு போன்ற பொருளைப் பூசும். மழை ஈரம் உள்ளே இறங்காமல் இருக்கத்தான் இந்தப் பூச்சு. பிறகு பூவுக்கும் கூட்டுக்குமாகப் பறந்து மகரந்தத்தையும் பூந்தேனையும் கொண்டுவந்து பிசைந்து வைக்கும். அதன் மேல் ஒரே ஒரு முட்டை. அறையை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். குஞ்சுப்புழு வெளியே வந்து அந்த மகரந்த உருண்டையைத் தின்று வளர்வதைத் தாய் பார்ப்பதே இல்லை. தாயின் ஆயுள் சில வாரங்கள்தான்.

தேனடைத் தேனீக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பவை. கூட்டைக் காக்கச் சில நூறு செத்தாலும் குடும்பம் பிழைக்கும். அதனால்தான் அவை பாய்கின்றன. மண் தேனீயின் கதை வேறு. அது செத்தால் அதற்கு மேல் கூடு தோண்டவும் முட்டையிடவும் ஆளில்லை. அதற்குக் காக்கத் தேனும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. ஆகவே ஆபத்து வந்தால் பறந்து தப்பிப்பதுதான் அதன் இயல்பு. உங்கள் வீட்டுப் பின்னால் முப்பது துளை இருந்தால் அது முப்பது தேனீக்களின் படை அல்ல. மண் வாகாக இருப்பதால் ஒரே தெருவில் தனித்தனியாக வீடு பிடித்துக் குடியிருக்கும் முப்பது தாய்கள். ஒருத்திக்கு ஏதாவது ஆனால் மற்றவள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்.

மண்ணுக்கு மேலே தாழச் சுற்றிச் சுற்றிப் பறப்பவைதான் பார்ப்பவரைப் பயமுறுத்துகின்றன. அவற்றில் பல ஆண் தேனீக்கள், பெண்ணைத் தேடிச் சுற்றுகின்றன. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. முட்டையிடும் உறுப்பு மாறித்தான் கொடுக்கு ஆனது. எனவே பெண்ணுக்கு மட்டுமே அது உண்டு. இதில் விதிவிலக்கே இல்லை.

எந்த இனம் என்பதை மட்டும் இங்கிருந்தபடி உறுதியாகச் சொல்ல முடியாது, ஊகிக்கலாம். பென்சில் நுழையும் அளவு துளை என்றால் நீலப்பட்டைத் தேனீயாக இருக்க வாய்ப்பு அதிகம். தேனடைத் தேனீயை விடக் கொஞ்சம் பருமன், நெஞ்சில் பழுப்பு முடி அடர்த்தியாக இருக்கும், கரிய வயிற்றில் வெளிர்நீலப் பட்டைகள் மின்னும், வேகமாகப் பாய்ந்து அந்தரத்தில் நின்று நின்று பறக்கும். உங்கள் மாமியார் மண்சுவர் வீட்டில் வளர்ந்தவராக இருந்தால், சுவரில் துளை போட்டுக்கொண்டு ஙொய்யென்று சத்தத்தோடு வந்துபோகும் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார். கேட்டுப் பாருங்கள். துளை அகர்பத்திக் குச்சி அளவுதான் என்றால் வியர்வைத் தேனீ வகைகளில் ஒன்றாக இருக்கும். கருப்பாகவோ பச்சை கலந்த மினுமினுப்போடோ, எறும்பை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும். இவற்றில் சில இனங்கள் மட்டும் ஒரே துளையை இரண்டு மூன்று பெண்கள் பங்கு போட்டுக்கொள்ளும். அப்போது ஒன்று வாசலில் தலையை வைத்து அடைத்தபடி காவல் இருக்கும். அந்தக் காவலும் எறும்பையும் ஒட்டுண்ணிப் பூச்சிகளையும் தடுப்பதற்குத்தான். மனிதரை நோக்கி அது வருவதில்லை. வியர்வையை நக்க உங்கள் கையில் வந்து உட்காரலாம். அப்போது அடிக்காமல் ஊதிவிடுங்கள்.

அப்படியென்றால் கொட்டவே கொட்டாதா? கொட்டும். வெறுங்காலில் அதன் மேல் மிதித்தால், கையில் பிடித்து நசுக்கினால், சட்டைக்குள் சிக்கினால் பெண் தேனீ கொட்டும். வலி பொதுவாகத் தேனடைத் தேனீயின் கொட்டைவிடக் குறைவு. கொடுக்கு உள்ளே தங்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் போதும். சுண்ணாம்பு தடவ வேண்டாம், குழந்தையின் தோல் புண்ணாகும். கொட்டிய இடம் மட்டும் வீங்குவது சாதாரணம். ஆனால் எந்தப் பூச்சி கொட்டினாலும் உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சிழுப்பு, வாந்தி, மயக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. கைவைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. உங்கள் மகனுக்கு முன்பு எப்போதாவது பூச்சிக் கொட்டில் இப்படி ஆகியிருந்தால் நான் இங்கே சொல்லும் தைரியம் உங்களுக்குப் பொருந்தாது. குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை அந்தப் பக்கம் அவனை விடாதீர்கள்.

குழந்தைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியது ஒன்று உண்டு. மண் தேனீ கூடுகள் இருக்கும் இடத்தில் சில சமயம் எறும்பு மாதிரி ஒரு பூச்சி தரையில் வேகமாக ஓடும். சிவந்த நெஞ்சு, கருத்த வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள், உடம்பெங்கும் பட்டு போல முடி. பார்க்க அழகாக இருப்பதால் குழந்தை கையில் எடுக்கும். அது எறும்பில்லை, சிறகில்லாத பெண் குளவி. தேனீயின் கூட்டுக்குள் புகுந்து தன் முட்டையை இட வருகிறது. தானாக வந்து கொட்டாது. ஆனால் கையில் எடுத்தால் கொட்டும், வலி கடுமையாக இருக்கும். உங்கள் மண்ணில் இருக்கும் பூச்சிகளில் நான் பையனை எச்சரிக்க நினைப்பது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். கணவர் வாங்கி வந்த பாக்கெட்டை எடுத்து அதன் மேல் உள்ள சாய்சதுரத்தைப் பாருங்கள். அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் விஷத்தின் அளவைச் சொல்லும். சிவப்பு என்றால் மிக மிகக் கொடிய விஷம், மஞ்சள் என்றால் கொடியது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. குருணை மருந்துகளில் நெடுங்காலம் ஊரெங்கும் புழங்கிய ஃபோரேட் சிவப்பு வகை. 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதற்கு முழுத் தடை. பாக்கெட்டில் அந்தப் பெயர் இருந்தால் பிரிக்கவே வேண்டாம். வேறு பெயராக இருந்தாலும் என் பதில் மாறாது. மண்ணை அள்ளி விளையாடி, அதே கையை வாயில் வைக்கும் பிள்ளை இருக்கும் வீடு இது. தேனீ கொட்டினால் ஒரு மணி நேர அழுகையோடு போய்விடும். குருணை வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பையனை முன்னிட்டுத்தான் மருந்து வேண்டும் என்கிறீர்கள். அவனை முன்னிட்டுத்தான் வேண்டாம் என்கிறேன். மேய வரும் கோழியும் பூனையும் அதற்குப் பிறகுதான். திறக்காத பாக்கெட் என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதுவரை பூட்டிய இடத்தில் வையுங்கள், சமையல் பொருள் பக்கம் வேண்டாம்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் அதே மாதிரிதான். மண்ணில் ஊறி அங்கேயே தங்கும், முருங்கை வேரைக் கெடுக்கும், கிணறோ போரோ பக்கத்தில் இருந்தால் தண்ணீருக்கும் நல்லதல்ல. ஒரு தீக்குச்சி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு செய்தும் பலன் பாதிதான். மேலே ஊற்றுவது துளையின் வாய்ப்பக்கம் இருக்கும் தாயைக் கொல்லும். அடியில் மண்ணால் அடைத்து மெழுகு பூசிய அறைகளுக்குள் இருக்கும் புழுக்கள் பல சமயம் தப்பிவிடும். சில வாரம் கழித்து மறுபடி தேனீ வரும், நீங்கள் மறுபடி ஊற்றுவீர்கள். துளையை மண் போட்டு அடைத்தாலும் இதே கதைதான், பக்கத்திலேயே தோண்டிக்கொள்ளும். சாம்பிராணிப் புகைக்கு மண்ணுக்குள் வேலையே இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? என் முதல் யோசனை, ஒன்றும் செய்யாமல் பையனின் விளையாட்டிடத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டு கூடை ஆற்று மணலோ எம்-சாண்டோ வாங்கி, வீட்டின் நிழல் விழும் பக்கம் கொட்டிக் கொடுங்கள். மண் தேனீ பெரும்பாலும் நல்ல வெயில் படும், இறுகிய, புல் இல்லாத, தண்ணீர் தேங்காத இடத்தைத்தான் தேடும். நிழலில் கிளறிக்கொண்டே இருக்கும் மணல் அதற்குப் பிடிக்காது. துளைகள் இருக்கும் இடத்தைச் சுற்றி நாலு செங்கல்லை வைத்து எல்லை காட்டிவிடுங்கள். பையன் பின்பக்கம் போனால் செருப்பு போட்டுக்கொண்டு போகட்டும். துணி காயப்போடும் கொடி அதற்கு நேர் மேலே இருந்தால் ஐந்தாறு அடி தள்ளிக் கட்டுங்கள். பல வீடுகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான், இதிலேயே பிரச்சினை முடிந்துவிடும்.

இல்லை, அந்த இடமே வேண்டும், தேனீ அங்கே இருக்கக் கூடாது என்றால் மண்ணின் நிலைமையை மாற்ற வேண்டும். வெறும் மண், வெயில், வறட்சி இந்த மூன்றும் சேர்ந்துதான் அவற்றை வரவழைத்தது. இதில் ஒன்றை எடுத்தாலே வருகை குறையும். பறப்பு குறைந்து துளைகளில் நடமாட்டம் ஓய்ந்திருக்கும் சமயமாகப் பார்த்து, அந்த இடத்தில் மூன்று நாலு அங்குலத்துக்குச் சருகோ, வைக்கோலோ, நறுக்கிய தென்னை ஓலையோ பரப்புங்கள். அல்லது அருகம்புல்லை நட்டு, தினமும் மாலையில் தண்ணீர் தெளியுங்கள். அடர்ந்த புல்லும் ஈர மண்ணும் இருக்கும் இடத்தில் புதிதாகத் தோண்ட அவை விரும்புவதில்லை. ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து கூடு தோண்டும் பழக்கம் பல இனங்களுக்கு உண்டு. குளிர்நாடுகளில் இவை வருடத்தில் சில வாரம் மட்டும் தலைகாட்டி மறைந்துவிடும். நம் சூட்டில் சில இனங்கள் வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை எடுக்கும். மழையில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, மழை விட்டுக் களையெல்லாம் பூத்ததும் மறுபடி கிளம்பலாம். அதனால் இரண்டு மூன்று பருவம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். முடிந்தால் வேலி ஓரத்தில் வெயில் படும் ஓர் இடத்தை, ஒரு கட்டில் அளவுக்கு, வெறும் மண்ணாகவே விட்டுவையுங்கள். அவை அங்கே மாறிப் போகும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் போக வாய்ப்பு இருக்கிறது.

சிமென்ட் போடுவது, பேவர் பிளாக் பதிப்பது இரண்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். தேனீ நிச்சயம் போய்விடும். கூடவே வீட்டுக்குள் சூடு ஏறும், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, பையனுக்கு விளையாட மண்ணே இருக்காது. வீட்டு அஸ்திவாரத்தை இவை அரித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தச் சின்ன வளைகளால் கட்டடத்துக்கு எதுவும் ஆகாது. மர வேரையும் இவை தின்பதில்லை.

இவ்வளவு தூரம் இவற்றுக்காக நான் பேசுவதற்கு என் வேலையும் ஒரு காரணம். கத்தரிப் பூவைப் பறித்து நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தப்பைகளை உற்றுப் பாருங்கள். மற்றப் பூக்களைப் போல அவை பிளந்து மகரந்தத்தை வெளியே காட்டுவதில்லை. நுனியில் மட்டும் ஊசிமுனைத் துளை இருக்கும், மகரந்தம் உள்ளேயே இருக்கும். தேனடைத் தேனீ வந்தால் அதை எடுக்கத் தெரியாது. நீலப்பட்டைத் தேனீ வந்து அந்தப் பையைக் காலால் கட்டிப் பிடிக்கும். சிறகை மடக்கி வைத்துக்கொண்டே பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். அந்த நொடியில் அதன் சத்தம் சட்டென்று மேல் சுருதிக்கு மாறும், காது கொடுத்தால் தெளிவாகக் கேட்கலாம். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியாகத் தூளாகப் பீறிட்டு அதன் வயிற்றில் அப்பிக்கொள்ளும். தக்காளிக்கும் இப்படித்தான். காற்றில் ஆடியும் இந்தப் பூக்கள் ஓரளவு காய்க்கும், தேனீ இல்லாவிட்டால் கத்தரிக்காயே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த அதிர்வு கிடைத்த பூக்களில் பிடிப்பு கூடுகிறது, காய் பெருக்கிறது. நம் பக்கத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் மண் தேனீக்களும் மரத்தைத் துளைக்கும் கருவண்டுத் தேனீயும்தான் செய்கின்றன. தேனீப் பெட்டி வாங்கி வைத்து இதை ஈடுகட்ட முடியாது. வரப்பையெல்லாம் உழுது, கரையையெல்லாம் சிமென்டாக்கிவிட்ட ஊர்களில் இவை கூடு வைக்க இடம் தேடி வீட்டுப் பின்புறத்துக்கு வருகின்றன. உங்கள் வீட்டில் நாலு கத்தரிச் செடியும் ஒரு தக்காளியும் வைத்துப் பாருங்கள், பக்கத்தில் துளசியும் தும்பையும் இருக்கட்டும். துளசிப் பூவுக்கு நீலப்பட்டைத் தேனீ தேடி வரும்.

பையனுக்குக் காட்ட இன்னொன்றும் இருக்கிறது. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்களுக்கு வளை கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் காய்ந்த குச்சியிலோ கொடியிலோ வரிசையாக வந்து, தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு, காலையெல்லாம் மடக்கி, அப்படியே தொங்கியபடி தூங்கும். ஒரே குச்சிக்குப் பல நாள் திரும்ப வரும். கொடுக்கில்லாதவை என்பதால் முகத்தைக் கிட்டே வைத்தே பார்க்கலாம். கோயம்புத்தூர் பக்கம் போனால் வேளாண் பல்கலைக்கழகத்தில் உள்ள பூச்சி அருங்காட்சியகத்துக்கும் அவனைக் கூட்டிப் போங்கள். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை.

நாளைக்குப் பார்த்துவிட்டு முடிந்தால் படம் போடுங்கள், இனம் சொல்ல முயல்கிறேன். துளைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம், அளவு தெரியும். பறக்கும்போது எடுக்க வேண்டாம், தெளிவாக வராது. துளை வாயில் முகம் காட்டும்போதோ பூவில் உட்கார்ந்திருக்கும்போதோ பக்கவாட்டில் எடுங்கள். வயிற்றுப் பட்டையும் பின்னங்கால் முடியும் தெரிந்தால் போதும். ஒரு துளைக்கு எத்தனை பூச்சி வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.